பஸ் சாரதியின் இருதயம் உணர்த்திய பாடம்

மாரடைப்பினால் ஒருவர் திடீரென மரணமடைந்தார் என்ற செய்தி கேட்டதும் செத்த வீட்டுக்கு வருவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. அவருக்குச் சீனி வருத்தம் இருந்ததா, 'பிரஷர்' இருந்ததா, புகைக்கும் பழக்கம் இருந்ததா என்பனவே அவை. நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவர் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் நடந்தார், எவ்வளவு நேரம் நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்று எவரும் வினவுவதில்லை. உடல் உழைப்பின்மையை ஒரு நோய்க்காரணியாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இன்னமும் வேரூன்றவில்லை. நாள் முழுவதும் அமர்ந்திருந்து செய்யும் உத்தியோகத்தைக் கௌரவமாகவும், வியர்வை சிந்தும் வேலையைத் தாழ்வாகவும் எண்ணிப் பழகிய சமூகத்தில் இது வியப்புக்குரியதுமன்று.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2019ஆம் ஆண்டில் இருதய, இரத்தக்குழாய் நோய்களினால் உலகெங்கும் 1 கோடியே 79 இலட்சம் பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இவ்வகையைச் சார்ந்தது. இம்மரணங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானவை செல்வந்த நாடுகளிலன்றி, குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளிலேயே நிகழ்கின்றன. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் ஏற்படும் மரணங்களுக்கான காரணங்களின் வரிசையிலும் இருதயத்துக்கு இரத்தம் போதியளவு செல்லாமையால் உண்டாகும் நோய் நெடுங்காலமாக முன்னணியில் இருந்து வருகின்றது. மாரடைப்பு பணக்காரரின் நோய் என்ற பழைய எண்ணம் இன்று பொருளற்றது.

உடல் உழைப்பின்மைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டென்பது எவ்வாறு அறியப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. இது வெறும் அறிவுரையாக அன்றி, சான்றுகளுடன் நிறுவப்பட்ட உண்மையாக உருப்பெற்ற வரலாறு ஒரு பஸ் வண்டியின் மாடிப்படியில் ஆரம்பிக்கின்றது.

இரண்டாம் உலக மகாயுத்தம் முடிவுற்ற காலத்தில் பிரித்தானியாவில் நடுத்தர வயது ஆண்கள் பலர் மாரடைப்பினால் மரணிப்பது பெருகிவருவதை வைத்தியர்கள் அவதானித்தனர். இரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிவதே இதற்குக் காரணம் என்று பொதுவாக நம்பப்பட்டது. ஜெரி மொரிஸ் என்ற வைத்திய ஆய்வாளர், லண்டனின் கிழக்குப் பகுதியிலுள்ள வைத்தியசாலை ஒன்றில் 1907ஆம் ஆண்டிலிருந்து பேணப்பட்டு வந்த பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். மாரடைப்பு மரணங்கள் பெருகியிருந்தபோதிலும், இரத்தக்குழாய்களில் காணப்பட்ட கொழுப்புப் படிவு அதே அளவில் பெருகியிருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. அவ்வாறாயின் வேறேதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். மனிதர் செய்யும் வேலையின் தன்மையே அந்த மாற்றமாக இருக்கலாமோ என அவர் ஐயுற்றார்.

இந்த ஐயத்தைச் சோதிப்பதற்கு லண்டன் நகரின் ஈரடுக்குப் பஸ்கள் அவருக்கு வாய்ப்பளித்தன. ஒவ்வொரு பஸ்ஸிலும் இருவர் பணிபுரிந்தனர். சாரதி தமது கடமை நேரத்தில் ஏறத்தாழ 90 வீதத்தை அமர்ந்தபடியே கழித்தார். நடத்துனரோ பயணச்சீட்டு வழங்குவதற்காகக் கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்குமிடையே நாளொன்றுக்கு 500 முதல் 750 வரையான படிகளை ஏறி இறங்கினார். இருவரும் ஏறத்தாழ ஒரே சமூகப் பின்னணியைச் சேர்ந்தவர்கள். ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள். ஒரே வீதியில் ஒரே வண்டியில் செல்பவர்கள். அவர்களின் வேலையில் இருந்த வெளிப்படையான பெரும் வேறுபாடு ஒருவர் அமர்ந்திருந்தார், மற்றவர் இயங்கிக்கொண்டிருந்தார் என்பதே. 35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியர்களின் விபரங்கள் திரட்டப்பட்டன. நடத்துனர்களுக்கு இருதய நோய் சாரதிகளைவிடக் குறைவாகவே ஏற்பட்டது. ஏற்பட்டபோதும் பிந்திய வயதில் ஏற்பட்டது. உடனடி மரணத்தில் முடிவதும் குறைவாக இருந்தது. அஞ்சல் திணைக்களத்திலும் இதே நிலை காணப்பட்டது. நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் கடிதங்களை விநியோகித்தவர்கள், மேசையில் அமர்ந்து பணிபுரிந்த எழுதுவினைஞர்களையும் தொலைபேசி இயக்குநர்களையும்விடப் பாதுகாப்பாக இருந்தனர். இம்முடிவுகள் 1953ஆம் ஆண்டு 'லான்செட்' வைத்திய சஞ்சிகையில் வெளியாகின.

லண்டனில் சேவையாற்றிய ஈரடுக்குப் பஸ்கள் பல பின்னர் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டு நமது வீதிகளில் ஓடின. அந்தப் படிகளில் ஏறி மேல்தட்டின் முன் ஆசனத்துக்காகப் போட்டியிட்ட நினைவு மூத்த தலைமுறையினர் பலருக்கு இன்றும் இருக்கும். அந்தப் படிகள் வைத்திய வரலாற்றில் இடம்பெற்றவை என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை.

இந்த முடிவை உலகம் உடனடியாக ஏற்றுக்கொள்ளவில்லை. உழைக்கும் தசைகள் இருதயத்தைக் காக்கின்றன என்ற கருத்து அன்று பலருக்கு விசித்திரமாகத் தோன்றியது. எழுப்பப்பட்ட ஆட்சேபங்களுள் ஒன்று மிகவும் நியாயமானது. உடற்பருமன் உள்ளவர்களும் ஆரோக்கியம் குன்றியவர்களும் இயல்பாகவே சாரதி வேலையைத் தெரிவுசெய்திருக்கலாம் அல்லவா? அவ்வாறாயின் நோய் வேலையால் வந்ததாகாது. நோய்க்கு இலக்காகக் கூடியவர்கள் அந்த வேலைக்கு வந்தார்கள் என்றாகிவிடும். மொரிஸ் இந்த ஆட்சேபத்தை ஒதுக்கித் தள்ளவில்லை. ஊழியர்களுக்குச் சீருடை தைப்பதற்காகப் பேணப்பட்ட இடுப்பளவுக் குறிப்புகளை அவரே தேடியெடுத்தார். சாரதிகளின் காற்சட்டைகள் நடத்துனர்களின் காற்சட்டைகளைவிட இடுப்பில் அகலமானவை என்பதை 1956ஆம் ஆண்டில் அவரே வெளிப்படுத்தினார். தமது முடிவுக்குப் பாதகமாகக்கூடிய சான்றைத் தாமே தேடி வெளியிட்ட அந்த நேர்மை பாராட்டத்தக்கது. எனினும், மெலிந்தவர், நடுத்தர உடலினர், பருத்தவர் என வகுத்து நோக்கியபோதும் நடத்துனர்களிடையே திடீர் மரணம் குறைவாகவே இருந்தமை பின்னர் தெரியவந்தது. உடல்வாகு ஒரு பகுதிக் காரணமாயினும் அதுவே முழுக் காரணமன்று என்பது புலனாயிற்று.

காலப்போக்கில் வேலைத்தளங்களில் உடல் உழைப்பே அருகிவிட்டது. எனவே ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி அந்த இடத்தை நிரப்புமா என்பது அடுத்த கேள்வியாயிற்று. 40 முதல் 64 வயது வரையான 16,882 பிரித்தானிய அரச உத்தியோகத்தர்களிடம் மொரிஸ் குழுவினர் அவர்களது ஓய்வுநேர நடவடிக்கைகளைப் பதிவுசெய்யச் சொன்னார்கள். அவர்கள் அனைவரும் மேசை வேலை செய்பவர்கள். அவர்களுள் தீவிர உடற்பயிற்சியில் ஈடுபட்டவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து, ஈடுபடாதவர்களுக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகவே இருந்தது என 1973ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

அமெரிக்காவில் ரல்ப் பஃபன்பார்கர் என்ற ஆய்வாளர் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களையும், பின்னர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களையும் நீண்டகாலம் தொடர்ந்து அவதானித்தார். அவரது முடிவுகளுள் ஒன்று நமது வாசகர்கள் பலருக்கு நேரடியாகப் பொருந்தும். மாணவப் பருவத்தில் சிறந்த விளையாட்டு வீரராக விளங்கி, பின்னர் உடற்பயிற்சியைக் கைவிட்டவர்களுக்கு அந்தப் பழைய பெருமை எவ்விதப் பாதுகாப்பையும் அளிக்கவில்லை. மாறாக, இளமையில் மைதானத்தை எட்டியும் பாராதவர்கள், நடுத்தர வயதில் நடக்கவும் ஓடவும் தொடங்கியபோது பயன்பெற்றனர். பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் வென்ற கிண்ணம் வீட்டு அலுமாரிக்கு அழகு சேர்க்கலாம். இருதயத்துக்கு அது காவலன்று.

உடல் உழைப்பு இருதயத்துக்கு எவ்வாறு உதவுகின்றது? இருதயமும் ஒரு தசையே. தொடர்ந்து பயிற்சி பெறும் இருதயம் ஒரு துடிப்பில் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றுகின்றது. ஆகவே ஓய்வு நிலையில் அது குறைந்த எண்ணிக்கையான துடிப்புகளுடன் தன் பணியை நிறைவேற்றுகின்றது. நடக்கும்போது இரத்த ஓட்டம் விரைவடைவதால் இரத்தக்குழாய்களின் உட்சுவர் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரந்து, குழாய்கள் இலகுவாக விரிவடைய வழிசெய்கின்றது. காலப்போக்கில் குருதியமுக்கம் தணிகின்றது. இயங்கும் தசைகள் இரத்தத்திலுள்ள வெல்லத்தைப் பயன்படுத்துவதால் இன்சுலின் செவ்வனே தொழிற்பட்டு, நீரிழிவு அணுகுவது தாமதமாகின்றது. தீமையான கொழுப்பின் விகிதம் குறைந்து நன்மையான கொழுப்பு கூடுகின்றது. இரத்தம் தேவையின்றி உறைந்து கட்டியாகும் தன்மையும் குறைகின்றது. மாரடைப்பு என்பது பெரும்பாலும் குழாய்ச் சுவரிலுள்ள கொழுப்புப் படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுவதால் நேர்வது. அந்த நிகழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் உடல் உழைப்பு குறுக்கிட்டுத் தடுக்கின்றது எனலாம்.

இயக்கமின்மை எவ்வளவு விரைவாக உடலை நலிவுறச் செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் டலஸ் நகரில் 1966ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட சோதனை சான்றாகும். ஆரோக்கியமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைத்திருக்கப்பட்டனர். அவர்களின் உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் கால் பங்குக்கும் அதிகமாக வீழ்ச்சியுற்றது. முப்பது ஆண்டுகளின் பின்னர், ஐம்பது வயதான அதே ஐவரும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு முதுமை விளைவித்த இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கை விளைவித்த இழப்பே பெரிதாக இருந்தது. ஆயினும் நம்பிக்கையளிக்கும் செய்தி ஒன்றும் அதில் உண்டு. ஆறு மாதகாலப் படிப்படியான பயிற்சியின் பின்னர் அவர்களது ஆற்றல் இருபது வயதில் படுக்கைக்குச் செல்லுமுன் இருந்த நிலைக்கு மீண்டது. காலம் கடந்துவிட்டது என்று கைவிரிப்பதற்கு இடமில்லை.

தென்னாசியராகிய நமக்கு இவ்விடயம் மேலும் அவசரமானது. 52 நாடுகளில் மேற்கொள்ளப்பட்டு 2004ஆம் ஆண்டில் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, முதலாவது மாரடைப்பு ஆபத்தின் ஏறத்தாழ 90 வீதத்தை ஒன்பது காரணிகளைக் கொண்டு விளக்க முடியும் எனக் காட்டியது. புகைத்தல், குருதியமுக்கம், நீரிழிவு ஆகியவற்றுடன் உடல் உழைப்பின்மையும் அவற்றுள் ஒன்றாகும். இலங்கையும் உள்ளடங்கிய தென்னாசிய நாடுகளின் தரவுகளைத் தனியாக ஆராய்ந்தபோது, இங்குள்ளவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், ஏனைய நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59 வயதிலும் ஏற்படுவதாக 2007ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இந்த ஆறு ஆண்டு வேறுபாடு பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டிருக்கும் பருவத்தில், வீட்டுக்கடன் தீராத நிலையில் உழைப்பாளியை இழக்கும் குடும்பத்தின் துயரத்தைக் குறிக்கின்றது.

அவ்வாறிருந்தும் நமது பிராந்தியம் அமர்ந்தே இருக்கின்றது. 2022ஆம் ஆண்டில் உலகின் வயதுவந்தோரில் 31 வீதத்தினர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், போதிய உடல் உழைப்பின்றி வாழ்ந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2024இல் அறிவித்தது. தென்னாசியாவில் இவ்வீதம் 45 ஆகும். ஆண்களைவிடப் பெண்களிடையே இந்நிலை கூடுதலாகக் காணப்படுகின்றது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்போர் உளர். வீட்டு வேலையும் உழைப்பே என்பதில் ஐயமில்லை. ஆனால் மூச்சு சற்று வாங்கும் அளவில் தொடர்ந்து நடப்பதற்கான நேரமோ, வெளியே செல்வதற்கான சுதந்திரமோ பெண்கள் பலருக்குக் கிட்டுவதில்லை. அதிகாலையில் தந்தை நடைப்பயிற்சிக்குச் செல்கையில் தாய் அடுப்படியில் நிற்கும் வீடுகளே நம்மிடையே அதிகம்.

ஒரு காலத்தில் நடையும் துவிச்சக்கர வண்டியும் நமது அன்றாட வாழ்வின் அங்கங்களாக இருந்தன. எரிபொருள் தடைவிதிக்கப்பட்டிருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஆசிரியரும் வைத்தியரும் மாணவரும் துவிச்சக்கர வண்டியிலேயே பயணித்தனர். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது கொழும்பிலும் துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் தலைகாட்டின. நெருக்கடிகளை எவரும் விரும்பி வரவேற்க முடியாது. ஆனால் நெருக்கடி நீங்கியதும் சந்திக் கடைக்குச் செல்வதற்கும் முச்சக்கர வண்டியை அழைக்கும் பழக்கத்துக்கு நாம் திரும்பியதை எண்ணிப் பார்க்க வேண்டும். முச்சக்கர வண்டிச் சாரதிகளும், கணினியின் முன் பணிபுரியும் இளைஞர்களும், இரவு பகலாகக் காசாளர் ஆசனத்தில் அமரும் வர்த்தகர்களும் இன்றைய லண்டன் பஸ் சாரதிகளே. பத்திரிகை ஆசிரிய பீடங்களில் பணிபுரிவோரும் இதற்கு விதிவிலக்கல்லர்.

எவ்வளவு உழைப்புப் போதுமானது? வயதுவந்தோர் வாரமொன்றுக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சியிலோ, அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் வரை தீவிரமான பயிற்சியிலோ ஈடுபட வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணிநேரம் விரைவாக நடந்தால் முதல் இலக்கு நிறைவேறிவிடும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது மிதமான பயிற்சி எனக் கொள்ளலாம். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் இரு நாட்களாவது அவசியம். சிறுவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணிநேரம் தேவை. நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடந்தேயாக வேண்டும் என்ற எண்ணம் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியதாகும். அதைவிடக் குறைந்த நடையும் கணிசமான பயனைத் தரும் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்றுமே செய்யாதிருப்பவர் சிறிதளவு தொடங்கும்போதே மிகப்பெரும் பயனை அடைகின்றார்.

அமர்ந்திருக்கும் நேரமும் கவனத்துக்குரியது. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் அமர்ந்திருப்போருக்கு ஏற்படும் மேலதிக ஆபத்தை நீக்குவதற்கு, தினமும் 60 முதல் 75 நிமிடங்கள் வரையான மிதமான உழைப்புத் தேவைப்படுவதாகக் கண்டது. தொழில் நம்மை நாற்காலியில் கட்டிப்போடுமாயின், அதற்கான ஈட்டை வேறு நேரத்தில் செலுத்தியாக வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். பல ஆண்டுகள் அசையாதிருந்தவர் ஒரு நாள் திடீரென மைதானத்தில் இறங்கிக் கடுமையாக ஓடுவது ஆபத்தானது. படிப்படியாகவே ஆரம்பிக்க வேண்டும். இருதய நோய், நீரிழிவு, உயர் குருதியமுக்கம் உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது நன்று. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ தோன்றினால், அதனை வாயுக்கோளாறு என ஒதுக்கி, இஞ்சித் தேநீர் அருந்திக் காத்திருக்கலாகாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவையைப் பெறலாம். மாரடைப்பில் இழக்கப்படும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையின் இழப்பாகும். மேலும், நடைப்பயிற்சி புகைத்தலுக்குப் பிராயச்சித்தமன்று, மருந்துக்கு மாற்றீடுமன்று.

இறுதியாக ஒன்றைக் கூற வேண்டும். லண்டன் பஸ் சாரதி சோம்பேறியாக இருந்ததனால் நோயாளியானவரல்லர். அவர் கடமை தவறாத உழைப்பாளி. அவரது வேலை அவரை அமர்த்தி வைத்திருந்தது. எனவே நடவுங்கள் என்று தனிமனிதருக்கு உபதேசிப்பதுடன் பொறுப்பு முடிந்துவிடாது. நடப்பதற்கு வீதியோரத்தில் நடைபாதை வேண்டும். அந்த நடைபாதையை வாகனங்களும் கடைகளும் ஆக்கிரமிக்காதிருக்க வேண்டும். பெண்கள் மாலையில் அச்சமின்றி நடக்கக்கூடிய மைதானங்களும் வீதி விளக்குகளும் வேண்டும். இவை உள்ளூராட்சி மன்றங்களின் கடமை. பாடசாலைகளில் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இரவல் கொடுக்கும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். மாலை நேரம் முழுவதையும் தனியார் வகுப்புகளில் அமர்ந்து கழிக்கும் பிள்ளை, பரீட்சையில் பெறும் சித்தியுடன் நாற்பது வயதின் நோயையும் சேர்த்தே சம்பாதிக்கின்றது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

தமது ஆய்வின் முடிவைத் தாமே கடைப்பிடித்த ஜெரி மொரிஸ், 2009ஆம் ஆண்டில் தமது 99ஆவது வயதில் காலமானார். நீண்ட ஆயுளுக்கு அதுவே ஒரே காரணம் என்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. அவரும் அவ்வாறு கூற விரும்பியிருக்க மாட்டார். ஆனால் அவர் எண்ணிய படிகள் நம் ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் உள்ளன. மின்தூக்கிக்காகக் காத்து நிற்போர், நாளை காலை அந்தப் படிகளில் ஒரு மாடியையேனும் ஏறிப் பார்க்கலாம்.